நரிமேல் விழுந்த பழி: பொன்னையாற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்தது

போன தை மாதம், பொங்கல் கழிந்து 12 நாளுக்குள் ஒரே ஊரில் மூன்று வீட்டுக் கோழிகள் போயின. மூன்றுக்கும் நரிதான் காரணம் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். 26 வருஷம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பக்கத்தில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை நம்பித்தான் அன்று சாயங்காலமே நரிக்கு விஷ மருந்து வைத்தார்கள், மறுநாள் ஒரு நாய் செத்தது. அன்றைக்கே இதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் இதில் இல்லை. மற்றதெல்லாம் நான் பார்த்தது, காதால் கேட்டது.

ஊரும் காலமும்

காட்பாடி வட்டத்தில், பொன்னைக்கும் திருவலத்துக்கும் நடுவே ஆற்றோரம் இருக்கிற ஊர். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதும் இது வேலூரோடே நின்றது. பெரியவர்கள் வாயில் இன்னும் வட ஆற்காடுதான். மேற்கே வள்ளி தினைப்புனம் காத்ததாகச் சொல்லும் வள்ளிமலை. ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான், தண்ணீர் இல்லை. இரண்டு கரையிலும் வேலிக்காத்தான் (சீமைக்கருவேல) புதர் ஆள் நுழைய முடியாதபடி மண்டிக் கிடக்கிறது. கழனியில் நெல்லும் கரும்பும், மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கரும்பு அம்முண்டி கூட்டுறவு ஆலைக்குப் போகும்.

இந்தக் கரும்பைச் சொல்லாமல் நரியைச் சொல்ல முடியாது. ஆவணி புரட்டாசியில் ஆள் உயரம் தாண்டிய கரும்புத் தோட்டம் நரிக்கு நல்ல வீடு. நிழல், ஈரம், எலி, பெருச்சாளி எல்லாம் உள்ளேயே கிடைக்கும். நாய் நுழையாது, மனிதனும் நுழைய மாட்டான். மார்கழி, தை வந்தால் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். நாலு நாளில் தோட்டம் மொட்டையாகும். சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையைக் கொளுத்துவார்கள். அதுவரை உள்ளே இருந்த பிராணிகளெல்லாம் ஒரே வாரத்தில் இடம் தேடி அலையும். அந்த வாரத்தில்தான் ஊர்க்காரர்கள் கண்ணில் நரி அதிகம் படும். "இந்த வருஷம் நரி ஜாஸ்தியாயிடுச்சு" என்று எல்லாரும் பேசுவதும் அந்த வாரத்தில்தான்.

எந்த நரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி வடை சுட்ட கதையில் வருகிற நரியைப் பள்ளிப் புத்தகத்தில் சிவப்பாக, வால் நுனி வெள்ளையாக வரைந்திருப்பார்கள். அது செந்நரி. இந்தியாவில் இமயமலைப் பக்கமும் ராஜஸ்தான், குஜராத் பக்கமும் உண்டு, நம் ஊரில் கிடையாது. இங்கே சாயங்காலம் ஊளையிடுவது பழுப்பும் சாம்பலும் கலந்த, எட்டிலிருந்து பத்து கிலோ எடையுள்ள நரி. அது நாய் இனத்துக்கு நெருங்கின சொந்தம். இன்னொன்று குழிநரி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், காது பெரிசு, வால் நுனி கறுப்பு. மேட்டு நிலத்தில் வளை தோண்டி வாழும். பெரும்பாலும் எலி, வெட்டுக்கிளி, ஈசல், நண்டு, பழம் தின்னும். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து ஊர்வலம் விட்டு, வனத்துறை அபராதம் போட்டதாகச் செய்தி வருமே, அந்த வங்காநரி இதுதான். ஆற்றோர ஊரில் கோழிப் பேச்சில் வருவது முதலாவது நரி.

மூன்று வீடு

முதல் வீடு ஆயா வீடு. ஊரின் கடைசி வீடு அது, அதற்கப்புறம் வைக்கோல் போர், வாய்க்கால், ஆறு. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஒன்பது கோழி, ஒரு நாய். சாயங்காலம் கோழிகளைக் கூப்பிட்டுப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மேலே ஒரு கல் வைப்பார். செவலைக் கோழி ஒன்று மட்டும் வைக்கோல் போரடியில் தானாக அடை உட்கார்ந்துவிட்டது. 11 முட்டை. ஒரு காலையில் கோழி இல்லை, முட்டை பாதி உடைந்து கிடந்தது. போரிலிருந்து வாய்க்கால் வரைக்கும் செவலை இறகு கொத்துக் கொத்தாக விழுந்திருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் முட்டையிடும் வயசு வராத ஒரு விடைக்கோழியும் மேயப் போனது திரும்பவில்லை. ஆக ஒன்பதில் இரண்டு.

இரண்டாவது, ஊர் நடுவில் ஒரு விவசாயி வீடு. மூன்று ஏக்கர் மல்லாட்டை, ஒரு ஏக்கர் கரும்பு. கோழி வளர்ப்பது அவர் மனைவி. தாய்க்கோழி ஒன்று, கூட பத்து குஞ்சு. ஒரு மதியம் அவர் நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆறு குஞ்சு போய்விட்டது. இரண்டு மட்டும் முற்றத்திலேயே கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. தாய்க்கோழிக்கு முகத்தில் கீறல்.

மூன்றாவதுதான் ஊரைக் கலக்கியது. ராணிப்பேட்டைப் பக்கம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, 250 நாட்டுக்கோழி வைத்துப் பண்ணை போட்டிருந்தான். அரசு 50 சதவீத மானியம் தருகிற அளவு அது. அவனுக்கு மானியம் வந்து சேரவில்லை, வட்டிக்கு வாங்கித்தான் கொட்டகை கட்டியிருந்தான். நாலு மாதம் வளர்த்து, கிலோ நானூறு ரூபாய்க்கு ஆள் பேசி வைத்திருந்த கோழிகள். ஒரே ராத்திரியில் 31 செத்தன.

நான் சொன்ன வார்த்தை

விடிகாலை ஐந்தரை மணிக்கு அவன் போன் பண்ணினான். குரல் நடுங்கியது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இன்னும் இருட்டுதான். கொட்டகைக்குள் எங்கு பார்த்தாலும் கோழி. சிலது ஒன்றன்மேல் ஒன்று மூலையில் நசுங்கிக் கிடந்தன. உயிரோடு இருந்தவை பரண்மேல் ஏறிச் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. கோழிகள் அப்படி மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. கம்பி வலை ஒரு முனையில் பிய்ந்து உள்பக்கம் மடங்கியிருந்தது. போன் வெளிச்சத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, "நரிதாம்பா. கரும்பு வெட்டிட்டாங்க இல்ல, அதான்" என்றேன்.

குனிந்து ஒரு கோழியைக்கூட கையில் எடுத்துப் பார்க்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில், செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லாதே என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான்.

பேச்சில் தெரிந்த கணக்கு

அன்று பகல் முழுக்க ஊரில் நரிப் பேச்சுதான். கோழி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் நரியை ஒரே மாதிரி பார்ப்பார்கள் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும்.

பண்ணைத் தம்பிக்கு நரி எதிரி. "மாசம் பொறந்தா வட்டி கட்டணும் சார். அதும்மேல பாவம் பாத்துகினு இருந்தா நான் இன்னாத்த துன்றது?" அவனிடம் இதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை.

மல்லாட்டைக்காரர் நரிக்கு வக்கீல். நரி கொல்லையில் கொஞ்சம் மல்லாட்டையைத் தோண்டித் தின்னும், கரும்பைக் கடித்துத் துப்பும் என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால், "எலி பண்ற சேதத்துல இது கால்வாசி கூட இல்ல சார். பன்னிக் குட்டிய புடிக்கறதும் நரிதான், மயில் முட்டய குடிக்கறதும் நரிதான். நரி பூட்டா நாங்க கொல்லைய உட்டுட்டு ஓட வேண்டிதான்" என்கிறார். காட்டுப்பன்றியும் மயிலும் இந்தப் பக்கம் விவசாயியை என்ன பாடு படுத்துகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அவர் பேச்சு புரியும்.

அவர் மனைவி இதைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். "அவுருக்கு இன்னா சார், கொல்ல அவுருது, கோழி என்னுது. மல்லாட்ட காசு அவுரு கைக்குப் போவுது. பசங்களுக்கு நோட்டு, பேனா, எனக்கு ஒடம்பு சரியில்லனா ஊசி, எல்லாம் இந்தக் கோழிலதான். அவுரு நரிக்கு என் குஞ்சுதான் கெடச்சுதா?" அவர் நரி, என் கோழி. ஒரே கூரையின் கீழ் இரண்டு நியாயம். நம் ஊரில் கோழி என்பது பெண்களின் சிறுவாட்டுக் காசு. மாடு விற்கப் பொய்கை சந்தைக்கும், ஆடு விற்க கே.வி.குப்பம் சந்தைக்கும் ஆண்கள் போவார்கள். கோழி மட்டும் வாசலிலேயே, அவள் கையாலேயே விலை போகும். நரி தூக்குவது அந்தக் காசை. நரியைப் பற்றி ஆண்கள் பெருந்தன்மையாகப் பேசுவதைக் கேட்கிறபோதெல்லாம் அந்த வீட்டில் கோழி யாருடையது என்று விசாரிக்கத் தோன்றுகிறது எனக்கு.

சேவல் வளர்க்கிற ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு சேவலும் ஆயிரக்கணக்கில் விலை, ராத்திரி கட்டில் காலிலேயே கட்டிப் படுப்பார். அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் நரிப் படம் மாட்டியிருக்கிறது. காலையில் அதன் முகத்தில்தான் விழிப்பார். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதுதான். "நரி இடம் போனா இன்னா, வலம் போனா இன்னா, மேல உழுந்து புடுங்காம போனா சரி" என்று டீக்கடைக்காரர் பழமொழி சொன்னார். இதே யோக நம்பிக்கைதான் நரிக்கொம்பு என்ற பெயரில் வியாபாரமும் ஆகிறது. நரிக்குக் கொம்பு கிடையாது. எந்த நரிக்கும், எந்தக் காலத்திலும் முளைத்ததில்லை. மண்டையோட்டுத் துண்டையும் மயிர்த்தோலையும் சேர்த்துக் கொம்பு போலச் செய்து விற்கிறார்கள், அதற்காக நரியைக் கொல்கிறார்கள். படம் மாட்டுவதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

இவர்களையெல்லாம் கேட்டபோது, யாருடைய காசில் நரி கை வைக்கிறதோ அவருக்கு அது எதிரி, மற்றவருக்கு நல்லது என்று சுலபமாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆயாவிடம் போனபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. விகிதத்தில் பார்த்தால் அவர் இழப்பு பண்ணைத் தம்பியுடையதைவிடப் பெரிசு, ஒன்பதில் இரண்டு. கோபம் மட்டும் இல்லை.

"அட உக்காந்த கோழிய எடம் மாத்துனா முட்டய உட்டுட்டு எழுந்துக்கும் நைனா. போரடில இருந்தா நரி வரும்னும் தெரியும். தெரிஞ்சிதான் உட்டேன். அது வந்து எடுத்துகினு பூடுச்சி. அதும் வயித்துக்குத்தான வருது." வருஷத்துக்கு ஒன்றிரண்டு நரிக்கு என்று முன்னாலேயே கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தன்னுடையது என்று எண்ணுகிறார். அறுபது வருஷமாகக் கோழி வளர்த்த கை. வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் முப்பது கோழி போன வருஷமெல்லாம் அவருக்கு நினைவில் இருக்கிறது. நரி அப்படி ஒரு நாளும் எடுத்ததில்லை என்றார்.

அது உண்மை. ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல், தடுப்பூசி போடாத மந்தையில் நுழைந்தால் மொத்தத்தையும் துடைத்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். சோர்ந்து வேலியோரம் தூங்கி வழிகிற கோழியை நரியோ பூனையோ தூக்கும். நோயில் போக வேண்டிய கோழியும் அப்படி நரிக் கணக்கில் ஏறிவிடும். ஒரு வாரமான குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஓர் ஊசி. என் சர்வீஸில் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டிருக்கிறது.

மருந்து

அன்று சாயங்காலம் தம்பி கோழிக் குடலில் வயலுக்குப் போடும் குருணை மருந்தைக் கலந்து வாய்க்கால் கரையில் நாலு இடத்தில் வைத்தான். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். ஆனால் நரி என்று சொன்னது என் வாய்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆயா ஆள் அனுப்பினார். நாய் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. வாயெல்லாம் நுரை. நாலு காலும் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணை விரித்துப் பார்த்தேன், பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. குருணை மருந்துக்கு அதுதான் அடையாளம். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். விஷத்தை முறிக்கிற அட்ரோபின் மருந்தை எடுத்துக்கொண்டு அவர் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அடிப்பது நின்றுவிட்டது. ஆயா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரையைத் தொடாதீர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாய்க்கால் கரையில் இரண்டு காக்கையும் ஒரு கீரிப்பிள்ளையும் செத்துக் கிடந்தன. நரி ஒன்றும் சாகவில்லை.

குனிந்து பார்த்தபோது

அங்கிருந்து நேராகப் பண்ணைக்குப் போனேன். செத்த கோழிகளைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி, கோணி மூடி வைத்திருந்தார்கள். மண் இன்னும் தள்ளவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வரிசையாக அடுக்கினேன். 31-ல் தின்னப்பட்டது ஒன்றுகூட இல்லை. பட்டியலில் காணாமல் போனதும் இல்லை. நாலு கோழிக்கு இறகைப் பிடுங்கி, தோலை உரித்துப் பார்த்தேன். கடி முதுகிலும் இடுப்பிலும் தொடையிலுமாக இருந்தது, தோலுக்கு அடியில் அகலமாக ரத்தம் கட்டியிருந்தது. கவ்வி உதறிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடிய வாய். மூலையில் நசுங்கியவற்றில் கடியே இல்லை, பயத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் செத்தவை அவை.

நரி கோழி எடுத்தால் பெரும்பாலும் கழுத்தைக் கவ்வும். தூக்கிக்கொண்டு போகும், மறைவுக்குப் போய்த் தின்னும். ஆயா வீட்டு இறகு வரிசை அப்படிப்பட்டது. இருந்தாலும் எண்ணிக்கையை மட்டும் வைத்து நரி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. தப்பி ஓட வழியில்லாத கொட்டகைக்குள் கோழிகள் படபடவென்று அடித்துக்கொண்டால், உள்ளே புகுந்த எந்த வேட்டைப் பிராணியும் தேவைக்கு மீறிக் கொல்லும். மேல்நாட்டுச் செந்நரி கோழிக் கூண்டில் புகுந்து மொத்தத்தையும் கடித்துப் போடுவது அங்கே எல்லாரும் அறிந்தது.

அதனால் காலடியைத் தேடினேன். கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிந்து சேறாகக் கிடந்த இடத்தில் தெளிவாகக் கிடைத்தது. நரியின் முன்னங்கால் தடத்தில் நடு இரண்டு விரல் மெத்தையும் அடிப்பக்கம் ஒட்டியே பதியும். தடம் ஒடுக்கமாக, நீளவாக்கில் இருக்கும். நாய்க்கு விரல்கள் தனித்தனியாக விரிந்து, தடம் உருண்டையாக விழும். பூனைக்கு நகமே பதியாது. சேற்றில் இருந்த தடங்கள் உருண்டை, விரல்கள் தனித்தனி, குறைந்தது இரண்டு அளவில். பிய்ந்த வலை முனையில் வெள்ளை மயிர் சிக்கியிருந்தது. பழுப்பு நரிக்கு அப்படி வெள்ளை மயிர் ஏது?

மல்லாட்டைக்காரர் வீட்டில் அரை மணி நேரம்தான் ஆனது. குஞ்சுகள் போனது மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள். ஊர் நடுவில், பட்டப்பகலில், முற்றத்துக்குள் நரி வந்து போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை என்றால் நம்ப முடியாது. குளிக்கிற அறையின் ஜலதாரை ஓட்டையில், அதாவது தண்ணீர் வெளியே போகிற வழியில், உள்ளங்கை நுழையும். அதன் விளிம்பில் ரத்தமும் மஞ்சள் தூவியும் ஒட்டியிருந்தன. கீரிப்பிள்ளை. பகலில்தான் அது வேட்டையாடும். வாய்க்கால் கரையில் மருந்து தின்று செத்தது அதேதானா, வேறொன்றா, யார் கண்டது.

மூன்று வீட்டில் ஒரு வீடுதான் நரியின் வேலை.

சிவப்பு நாடா

தம்பி நம்பவில்லை. வாடகைக்கு ஒரு சின்னக் கேமரா வாங்கிக் கொட்டகைக்குப் பின்னால் மாட்டினோம். நாலாவது ராத்திரி, ஒன்றே முக்கால் மணிக்கு மூன்று நாய் வந்தன. முன்னால் வந்தது வெள்ளை, கழுத்தில் சிவப்பு நாடா. புதிதாகத் தைத்த வலையை முகர்ந்தது, முன்னங்காலால் இழுத்துப் பார்த்தது, முடியாமல் போய்விட்டது.

தம்பி அந்தப் படத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்க சித்தப்பா வூட்டு நாயி சார்" என்றான். இரண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு நடந்து, போன வருஷம்தான் கோயில் திருவிழாவில் பேச்சு வார்த்தை ஆரம்பித்திருக்கிறது. "முந்தியே தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். வெகு நேரம் பேசவில்லை. நாடா தெரியாது, ஆனால் அந்த நாய் ராத்திரியில் சுற்றுவது தெரியும் என்றான்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஊர் புரிந்தது. நாய் என்றால் யாருடைய நாய் என்ற கேள்வி வரும். பங்காளி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கீரி என்றால் ஓட்டையை ஏன் அடைக்கவில்லை என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். நோய் என்றால் தடுப்பூசி போட்டாயா என்று என்னைப் போல ஒருத்தன் கேட்பான். நரிக்குப் பங்காளி இல்லை, வீடு இல்லை, திருப்பிக் கேட்க வாய் இல்லை. அதன்மேல் போட்டால் ஊரில் யார் முகமும் சுருங்காது. அந்தக் காலையில் நானும் அப்படித்தான் போட்டேன். எனக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

சட்டத்தையும் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. கொன்றால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரைக்கும் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வாய்க்கால் கரையில் நரி செத்திருந்தால் கோழிக் கடனோடு அதுவும் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நரியிடம் பயம் வேண்டும் என்றும் சொன்னேன். பகலில் ஆளைக் கண்டு ஓடாமல், தள்ளாடி ஊருக்குள் வருகிற நரிக்கு வெறிநோய் இருக்கலாம். கிட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கடித்தால் சோப்புப் போட்டுப் புண்ணைக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

பிறகு

கொட்டகையில் முதலில் இருந்தது மெல்லிய அறுகோணக் கோழி வலை. அது கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாயையோ நரியையோ வெளியே நிறுத்தாது. கீழே மூன்றடிக்கு வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை, அடித்தான். அதே வலையை அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையோடு படிய விரித்து, கல் வைத்து மண் மூடினோம். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். காலுக்கு அடியில் கம்பி தட்டினால் பின்னால் தள்ளிப்போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. வெளிச்சுற்றில் வேலிக்காத்தான் முள். மொத்தச் செலவு அவன் இழந்த கோழிகளின் விலையில் பாதிகூட ஆகவில்லை. இதைப் பண்ணை ஆரம்பிக்கும்போதே அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நானே இரண்டு தடவை அந்தக் கொட்டகையைப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். முதலில் சத்தம். படத்தைக் காட்டியதும் அடங்கியது. ராத்திரியில் நாயைக் கட்டிப்போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். பணம் பற்றிப் பேச்சு எழவில்லை, அவனும் கேட்கவில்லை. மல்லாட்டைக்காரர் மனைவி ஜலதாரைக்குச் சல்லடை வைத்துவிட்டார். நரியைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டாரா என்று கேட்டேன். "கீரியோ நரியோ, போனது என் குஞ்சுதான சார்" என்றார்.

ஆயா வீட்டுக்குத் தம்பி தனியாகத்தான் போனான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அடுத்த வாரம் போனபோது ஆயா ஒன்று மட்டும் சொன்னார்: "வள்ளி இத்தினி புனம் காத்தா. கவண்கல்லு வெச்சிகினு, ஆலோலம் பாடி ஓட்டுனா. சோத்துல மருந்து வெக்கல." அதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. போரடியில் நாய் படுக்கிற குழி இன்னும் அப்படியே இருந்தது.

பங்குனியில் பூதிக்கோழி ஒன்று அடை உட்கார்ந்தது. இந்தத் தடவை அதுவாக வைக்கோல் போரைத் தேடுவதற்கு முன்னாலேயே கட்டிலுக்கு அடியில் கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு முட்டை வைத்துவிட்டார். 21-வது நாள் ஒன்பது குஞ்சு பொரிந்தன. நாலு வாரம் கழித்து ஆயா பக்கத்து வீட்டுப் பையன் போனிலிருந்து பேசினார். வாய்க்கால் பக்கம் மேய்ந்தபோது ஒன்றை நரி எடுத்துக்கொண்டதாம், அவரே கண்ணால் பார்த்தாராம், கல் எடுத்து எறிந்தும் விடவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு, மிச்சம் எட்டுக்கும் எட்டாவது வாரத்து இறக்கை ஊசி போட எப்போது வருவாய் என்று கேட்டார்.